மூன்றாவது பொத்தான்

அப்பாவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. பச்சைப் பட்டையில் "வழக்கம்போல் இருக்கிறேன்" என்று இருக்கும். மஞ்சளில் "மூச்சிரைப்பு வழக்கத்தைவிட அதிகம், சளி அதிகம், சளியின் நிறம் மாறியிருக்கிறது." சிவப்பில் "பேச முடியவில்லை, குழப்பமாக இருக்கிறது, உதடு நீலம் பாரித்திருக்கிறது." அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழல்கள் ஒடுங்கி மூச்சு மெல்ல மெல்லக் குறையும் நாள்பட்ட நுரையீரல் நோய். அந்த வருடத்தில் இரண்டாம் முறையாக மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள் அது. கொடுத்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் முன்னால் இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். "இனிமே நீங்கதான் உங்களைப் பார்த்துக்கணும், எல்லாம் இதுல இருக்கு" என்று சொல்லி, மருந்துச் சீட்டோடு சேர்த்து மடித்து என் கையில் தந்தார். நோயாளி அப்பா. தாள் வந்தது என் கைக்கு. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அதைச் சுவரில் ஒட்டியது. ஒட்டியவுடன் ஒரு நிம்மதி. இனி கவலையில்லை, மோசமானால் தெரிந்துவிடும், தெரிந்தால் போன் செய்யலாம். ஏழு வாரம் கழித்து ஒரு நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வந்தது. அப்பா கட்டிலின் ஓரத்தில் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்புகள் புடைக்க, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் எதிரில் அந்தத் தாள். இரண்டு நாள் மூக்கில் முகமூடி மாட்டி இயந்திரத்தின் துணையோடு சுவாசித்தார். பதினொன்றாம் நாள் வீடு திரும்பினார். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்த இரவுக்கு முன்னால் மூன்று நாளாகவே அவருக்குச் சரியில்லாமல் இருந்திருக்கிறது.

"ஏம்ப்பா சொல்லல? எதிர்லதானே ஒட்டியிருக்கு, மஞ்சள் வந்தா சொல்லணும்னு?"

அப்பா கோபப்படவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "மஞ்சள்னு எப்படிம்மா தெரியும்? எனக்குத் தினமும் மஞ்சள்தானே."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தால்தான். இரண்டு வருடமாகிறது, இன்னும் அது எனக்குள் அடங்கவில்லை.

தினமும் மஞ்சள்

சிஓபிடி பற்றி இதைப் படிக்க வருகிறவர்களில் பலருக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவருக்காவது இருக்கும், அல்லது உங்களுக்கே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் 35 லட்சம் பேர் இதனால் இறந்திருக்கிறார்கள். இந்த நோயில் நாள் போவது ஒரே சீராக இல்லை. பல வாரம் ஒரு மட்டத்தில் ஓடும். பிறகு திடீரென்று ஒரு சரிவு வரும், அதிலிருந்து ஏறி வரப் பல வாரம் பிடிக்கும், சில சமயம் பழைய மட்டத்துக்கு ஏறாமலே நின்றுவிடும். அந்தச் சரிவைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் ஏறி வருவது சுலபம் என்பதால்தான் அந்த மூன்று வண்ணத் தாள். நோக்கத்தில் எந்தத் தவறும் இல்லை.

ஆனால் "வழக்கத்தைவிட அதிகம்" என்பது வழக்கம் என்ன என்று தெரிந்தவருக்கு மட்டுமே பொருள் தரும். பத்து வருடமாக மூச்சு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்த ஒருவருக்கு வழக்கம் என்று ஒன்று நிலையாக இல்லை. அது கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது, அவரும் அதற்கேற்பத் தன்னைச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறார். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, மாடி ஏறுவதை நிறுத்தினார். நடந்தால் வாங்கியது, நடையைக் குறைத்தார். எதையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் போய் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வார், அது உண்மையும்கூட.

லண்டனில் சிஓபிடி உள்ளவர்களைத் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லி நடத்திய ஓர் ஆய்வு 1998-இல் வெளிவந்தது. அந்தக் குறிப்புகளில் தெளிவாகத் தெரிந்த சரிவுகளில் ஏறக்குறைய பாதியை அவர்கள் மருத்துவக் குழுவிடம் சொல்லவே இல்லை. தினமும் எழுதுகிறவர்கள், தங்களைக் கவனிக்க ஒரு குழு இருக்கிறது என்று தெரிந்தவர்கள், அவர்களே பாதியைச் சொல்லவில்லை. இதைப் படித்தபோது என் அப்பா மட்டும் பிடிவாதக்காரர் இல்லை என்று ஆறுதலாக இருந்தது, கூடவே ஒரு கலக்கமும் வந்தது. அக்கறையின்மையால் வரும் மௌனம் அல்ல இது. இன்னொரு மோசமான நாள் என்று கடத்திவிடுகிறார்கள். நாளை சரியாகிவிடும், எதற்குப் பிள்ளைகளைப் படுத்த வேண்டும், போன வாரமும் இப்படித்தானே இருந்தது.

அப்பாவின் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. முப்பது வருடம் புகைத்தவர் அவர், விட்டு ஒன்பது வருடமாகிறது. முதல் முறை அவசரப் பிரிவில் சேர்த்தபோது, "இவ்வளவு நாள் புகைச்சா இப்படித்தான் ஆகும்" என்று அங்கே பணியில் இருந்த ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சாகவா பிழைக்கவா என்று கிடக்கும் மனிதரிடம் பேசுகிற பேச்சா அது? புகைக்கவே புகைக்காமல் அடுப்புப் புகையாலும், வேலையிடத்துத் தூசியாலும், முன்பு வந்த காசநோயாலும் இந்த நோய்க்கு ஆளானவர்கள் ஏராளம், அவர்களும் இதே பார்வையைச் சுமக்கிறார்கள். ஆனால் நான் அந்த வாதத்துக்குள் போக விரும்பவில்லை, ஏனென்றால் புகைத்தவருக்கும் மூச்சு வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அப்பா தன் இருமலைக்கூடத் தலையணையில் புதைத்து இருமினார். தன் மேல் தப்பு என்று நம்புகிற மனிதர் எப்படி உதவி கேட்டு வாய் திறப்பார்?

நாங்கள் பிடுங்கிக்கொண்ட வேலைகள்

இதில் எங்கள் பங்கு என்ன என்பதைச் சொல்லாமல் நகர முடியாது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் அப்பாவிடமிருந்து ஒரு வேலையைப் பறித்தோம். முதலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. அடுத்து படுக்கையை மடிப்பது. பிறகு குளியலறைக்குத் தண்ணீர் எடுத்து வைப்பது, தலை துவட்டுவது, சட்டை மாட்டுவது. அம்மா சட்டையைப் பிடித்துக்கொள்வார், அப்பா கைகளை நுழைப்பார், பொத்தான்களை அம்மாவே போட்டுவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். அன்பு என்றால் இதுதானே என்று தோன்றும்.

நான் வேறொரு விதமாகப் படுத்தினேன். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை அப்பாவின் விரலில் மாட்டினேன். 91 காட்டினால் என் முகம் மாறும், என் முகத்தைப் பார்த்து அவருக்குப் படபடக்கும், படபடப்பில் மூச்சு இன்னும் வாங்கும். அந்த எண்ணும் அவர் உணரும் மூச்சுத்திணறலும் கைகோத்துப் போவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. 94-இல் தவிக்கிறவர்கள் உண்டு, 89-இல் அமைதியாக இருப்பவர்கள் உண்டு. வீட்டில் ஓர் ஆக்சிஜன் இயந்திரம் வாங்கி வைத்துவிடலாம் என்று மருத்துவரிடம் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அவர் பொறுமையாக மறுத்தார். ஓய்வில் இருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிட்டவர்களுக்கு, நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று 1980, 81-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த அளவுக்கு இறங்காதவர்களுக்கு அதில் பலன் இல்லை என்று 738 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016-இல் காட்டிவிட்டது. அப்பா இரண்டாம் வகை. "அவருக்கு இப்போ குறையறது ஆக்சிஜன் இல்லம்மா, கால்ல பலம்" என்றார் மருத்துவர்.

அது என்னைச் சுருக்கென்று குத்தியது. மூச்சு வாங்குகிறது என்று அசையாமல் இருந்தால் தசை கரையும். கரைந்த தசை அதே வேலைக்கு அதிக ஆக்சிஜன் கேட்கும். அதனால் முன்பைவிடச் சின்ன வேலைக்கே மூச்சு வாங்கும், அதனால் இன்னும் அசையாமல் இருப்போம். நுரையீரல் ஒரு பக்கம் அதன் போக்கில் கெடுகிறது என்றால், இந்தச் சுழல் அதற்கு மேல் நாமாகச் சேர்ப்பது. அம்மாவும் நானும் அப்பாவை அந்தச் சுழலுக்குள் அன்போடு தள்ளிக்கொண்டிருந்தோம். மருத்துவர் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார். எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள்.

"காட்டுங்க ஐயா"

பயிற்சியின் முதல் நாள் அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் அப்பாவிடம் "இன்ஹேலர் எடுக்கிறீங்களா?" என்று கேட்கவில்லை. அதைத்தான் நாலு வருடமாக எல்லாரும் கேட்டார்கள், அப்பாவும் ஆமாம் என்றார், அது உண்மை. இந்தப் பெண் "எப்படி எடுக்கிறீங்கன்னு காட்டுங்க ஐயா" என்றார். அப்பாவிடம் இருந்தது இரண்டு வகை. ஒன்று அழுத்தினால் பீய்ச்சும் வகை, மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டியது. மற்றது மருந்துப் பொடி அடைத்த கேப்சூலைத் துளைத்து உறிஞ்சும் வகை, அதை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். அப்பா முதலாவதை வேகமாக இழுத்தார், இரண்டாவதை மெதுவாக உறிஞ்சினார். இரண்டுக்கும் முன்னால் மூச்சை முழுக்க வெளியே விடவில்லை, பின்னால் பத்து எண்ணும்வரை அடக்கவும் இல்லை. நாலு வருடமாக ஒரு நாள் தவறாமல் எடுத்த மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்திருக்கிறது.

1975 முதல் 2014 வரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்துகிறவர்கள் 31 சதவீதம்தான் என்கிறது. நாற்பது வருடத்தில் அந்த நிலை மேம்படவும் இல்லை. சொல்லிக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறோம், செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பதில்லை என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. பீய்ச்சும் வகைக்கு ஒரு ஸ்பேசர் கொடுத்தார்கள், இன்ஹேலரின் வாயில் மாட்டிக்கொள்ளும் ஒரு குழாய். அது மருந்தைத் தன் வயிற்றில் சற்று நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டிய அவசரம் போயிற்று. ஸ்டீராய்டு உள்ளதை எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்பதையும் அன்றுதான் கேள்விப்பட்டோம். இன்ஹேலர் கதையை இதோடு விடுகிறேன், ஏனென்றால் திருப்பம் அங்கே இல்லை.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, நான் அந்த மூன்று வண்ணத் தாளைச் சுவரிலிருந்து பிய்த்துப் பையில் கொண்டுபோயிருந்தேன். இது எங்களுக்கு உதவவில்லை என்று புகார் சொல்வதற்காக. அந்தப் பெண் தாளை வாங்கி அப்பாவிடம் கொடுத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வழக்கத்தைவிட அதிகம்னு போட்டிருக்கு. உங்களுக்கு அது என்னன்னு சொல்லுங்க ஐயா. உடம்பு சரியில்லாம ஆகப்போகுதுன்னா உங்களுக்கு முதல்ல எதுல தெரியும்?"

அப்பா பேசவில்லை. நான் இருமுறை வாயெடுத்தேன், அந்தப் பெண் என்னைப் பார்க்காமலே கையை லேசாக உயர்த்தி நிறுத்தினார். ஒரு நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். மௌனத்தை அவ்வளவு நேரம் அப்படியே விட்டுவைக்க எனக்கு என்றும் வந்ததில்லை.

"சட்டை போடறதுல" என்றார் அப்பா.

"சட்டையில?"

"நல்லா இருக்கற நாள்ல மேலேருந்து ஆறு பொத்தானையும் போட்டுட்டுத்தான் கையை இறக்குவேன். கொஞ்சம் சரியில்லேன்னா அஞ்சாவதுல ஒரு தடவை நின்னு மூச்சு விட்டுக்குவேன். மூணாவதுலயே நிக்குதுன்னா ரெண்டு நாள்ல படுத்துடுவேன். எனக்கே தெரியும். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்பகூட அப்படித்தான் ஆச்சு."

"அப்போ இந்தத் தடவையும் தெரிஞ்சிருக்குமே?"

அப்பா அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குறை சொல்லும் பார்வை இல்லை அது, எங்களைக் காட்டிக்கொடுக்கத் தயங்கும் பார்வை. "இப்போ ஆறு மாசமா பொத்தான் நான் போடறதில்லையே. இவங்க போட்டு விட்டுடறாங்க. அதான் தெரியல."

எனக்குத் தொண்டை அடைத்தது. அவருக்கென்று ஓர் அளவுகோல் இருந்திருக்கிறது. எந்த மருத்துவரும் தராத, எந்த இயந்திரமும் காட்டாத, ஆறு கோடுகள் உள்ள அளவுகோல். தினமும் காலையில் அவர் யாரிடமும் சொல்லாமல் தன்னை அதில் அளந்துகொண்டிருந்தார். நாங்கள் அன்பு என்று நினைத்து அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டோம். பிடுங்கிய இடத்தில் அச்சடித்த தாளை ஒட்டினோம்.

பொத்தான் ஏன் என்பதற்கும் அந்தப் பெண் விளக்கம் சொன்னார். நுரையீரல் சிரமப்படும்போது தோளையும் கழுத்தையும் சுற்றியுள்ள தசைகள் மூச்சுக்குக் கைகொடுக்க வருகின்றன. கையை எதிலும் ஊன்றாமல் உயர்த்தி வைத்துச் செய்யும் வேலைக்கும் அதே தசைகள்தான் வேண்டும். தலை சீவும்போதும் சட்டை போடும்போதும் மூச்சு முட்டுவது அதனால்தான். முழங்காலில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் இதமாக இருப்பதும் அதனால்தான், தோளுக்கு வேலை குறைந்து அந்தத் தசைகள் மூச்சுக்குத் திரும்புகின்றன. ஆக, அப்பா தற்செயலாகத் தேர்ந்துகொண்ட அளவுகோல் உடலின் கணக்கிலும் சரியானதுதான்.

அன்றே ஒரு வெற்றுத் தாளில் புதிதாக எழுதினார்கள். அப்பா சொல்ல, அவர் எழுதினார். பச்சை: பொத்தான் ஐந்து அல்லது ஆறு. மஞ்சள்: இரண்டு நாள் தொடர்ந்து மூன்றாவதில் நிற்கிறது, அல்லது சளி நிறம் மாறுகிறது, அல்லது சளியின் அளவு கூடுகிறது. அப்படியானால் அன்று காலையே போன், எண் பக்கத்திலேயே. சிவப்பில் மட்டும் அந்தப் பெண் தன் சொல்லைச் சேர்த்தார்: யாரும் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தாளின் அடியில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்டார். அப்பா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

தாள் மட்டும் போதுமா

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்தால் ஒரு நல்ல கதையாகிவிடும், ஆனால் அது முழு உண்மையாகாது. அந்த வாரத்துக்குப் பிறகு நான் இது சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கனடாவின் கியூபெக்கில் 191 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்து, தொடர்ந்து தொலைபேசியில் பேசி, சரிவு வந்தால் என்ன செய்வது என்ற திட்டத்தையும் கையில் கொடுத்தபோது, சரிவால் மருத்துவமனையில் சேர்வது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன். அடுத்து 2012-இல் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான 20 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வைப் படித்தேன். ஏறக்குறைய அதே மாதிரியான திட்டம், 426 பேர். அதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். திட்டத்தைக் கற்றுக்கொண்ட குழுவில் 28 பேரும், வழக்கமான சிகிச்சையில் இருந்த குழுவில் 10 பேரும் இறந்திருந்தார்கள். ஏன் என்று ஆய்வாளர்களால் முழுதாக விளக்க முடியவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. சுவரில் இருந்த புதிய தாளை எழுந்துபோய் இருமுறை பார்த்தேன். இதை எழுதிக் கொடுத்ததால் அப்பா வீட்டிலேயே சமாளித்துவிடலாம் என்று இருந்துவிடுவாரோ? பிறகு வந்த ஆய்வுகள் அந்தப் பயத்தைப் பெரிதும் தணித்திருக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2022-இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இப்படிப்பட்ட உதவியால் வாழ்க்கைத் தரம் கூடுகிறது, நுரையீரல் காரணமாக மருத்துவமனையில் சேர்வது குறைகிறது, இறப்பு கூடுவதாகத் தெரியவில்லை என்று சொல்கிறது. ஆனாலும் அந்த 28 என்ற எண்ணை நான் மறக்க விரும்பவில்லை.

எனக்கு அதிகம் சொன்னது கிளாஸ்கோவில் நடந்த ஆய்வு, அதுவும் 2012-இல் வந்ததுதான். 464 பேர். மொத்தமாகப் பார்த்தால் கற்றுக்கொண்ட குழுவுக்கும் வழக்கமான சிகிச்சையில் இருந்த குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால், கற்றுக்கொண்டவர்களில் 42 சதவீதம் பேர் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்வதை உண்மையிலேயே பிடித்துக்கொண்டார்கள், அவர்கள் மறுபடி மருத்துவமனைக்குப் போவதும் குறைந்தது. அப்படிப் பிடித்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட இளையவர்கள், தனியாக வாழாதவர்கள் அதிகம். தனியாக வாழாதவர்கள். "நீங்கதான் உங்களைப் பார்த்துக்கணும்" என்ற வாக்கியம் எனக்கு ஏன் நெருடிக்கொண்டே இருந்தது என்பது அந்த வரியில்தான் விளங்கியது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது தனியாக நடக்கிற காரியம் இல்லை. ஒரு வருடத்தில் 8,760 மணி நேரம். அதில் அப்பா மருத்துவர் முன் உட்காரும் நேரம், தாராளமாகக் கணக்கிட்டாலும், மூன்று நாலு மணி நேரத்தைத் தாண்டாது. மீதி நேரமெல்லாம் அவர்தான் மருத்துவர், அவர்தான் செவிலியர். அந்தப் பொறுப்பை ஒப்படைக்கிறவர்கள் அவர் கூப்பிட்டால் எடுக்கிற ஒரு தொலைபேசியையாவது மறுமுனையில் வைக்க வேண்டாமா? தாளைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவதற்கு வேறு பெயர் உண்டு.

அப்பா பயிற்சி பெற்ற இடத்தில் அந்த எண்ணை ஒரு செவிலியர் எடுப்பார். எடுக்க முடியாவிட்டால் அன்று மாலைக்குள் திரும்பக் கூப்பிடுவார். இந்த வசதி இல்லாத எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

இரவு

பயத்தைப் பற்றி ஒன்று எழுத வேண்டும், ஏனென்றால் பகலில் கற்றதெல்லாம் இரவில்தான் பரீட்சைக்கு வருகிறது. மூச்சு முட்டும்போது வரும் பயம் சாதாரணப் பயம் இல்லை. செத்துவிடுவோம் என்று உடல் முழுக்கக் கத்துகிற பயம். இந்த நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரிய சிக்கல். வெளிமூச்சின்போது சிறு குழல்கள் ஒடுங்கி மூடிக்கொள்ள, பழைய காற்று உள்ளேயே தேங்குகிறது. பயத்தில் வேகவேகமாக இழுக்க இழுக்க இன்னும் தேங்கி, புதுக்காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. "நல்லா இழுத்து மூச்சு விடுங்கப்பா" என்று பக்கத்தில் நின்று நான் கத்திக்கொண்டிருந்தேனே, அது அவருக்குச் செய்யக்கூடிய மிக மோசமான உதவி.

உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைக்கிற மாதிரி மெதுவாக ஊத வேண்டும். மூக்கால் இரண்டு எண்ணி இழுத்தால் வாயால் நாலு எண்ணி விட வேண்டும். குவிந்த உதடு உண்டாக்கும் எதிரழுத்தம் அந்தக் குழல்களைத் திறந்தே பிடித்துவைக்கிறது, தேங்கிய காற்று வெளியேறுகிறது. எழும்போதும் குனியும்போதும் சிரமமான பகுதியை மூச்சை விட்டுக்கொண்டே செய்ய வேண்டும். இன்னொன்று, ஒரு சின்னக் கையடக்க மின்விசிறி. முகத்தில் மூக்கையும் கன்னத்தையும் சுற்றிக் காற்றுப் பட்டால் மூச்சுத்திணறல் உணர்வு குறைகிறது என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதில் 50 பேருக்கு ஐந்து நிமிடம் முகத்திலும் ஐந்து நிமிடம் காலிலும் காற்றுப் படவைத்துப் பார்த்தார்கள், முகத்தில் பட்டபோதுதான் இதம் கிடைத்தது. அப்பாவின் தலையணைக்கு அடியில் இப்போது அது இருக்கிறது. அது நோயைக் குணப்படுத்தாது. ஆனால் மருந்து வேலை செய்யும்வரையிலான அந்தப் பத்து நிமிடத்தை அவர் கையில் எதையாவது பிடித்துக்கொண்டு கடக்கிறார்.

நான் செய்ய வேண்டியதாக அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். பேசாதே. பக்கத்தில் உட்கார், நீயும் என்னோடு சேர்ந்து ஊது.

எட்டாம் வாரம் ஆறு நிமிட நடைச் சோதனையில் முதல் நாளைவிட 50 மீட்டர் அதிகம் நடந்தார். 30 மீட்டர் கூடினாலே அந்த மனிதருக்கு வித்தியாசம் தெரியும் என்பார்கள். அவரது நுரையீரலின் அளவீடுகள் ஒரு புள்ளிகூட மாறவில்லை, மாறாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மாவுக்குத்தான் கஷ்டம். அப்பா சட்டையோடு போராடும் அந்த நாலு நிமிடமும் அவர் பக்கத்து அறையில் எதையாவது மடித்துக்கொண்டிருப்பார், மடித்ததையே மறுபடி மடிப்பார். உதவாமல் இருப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு காலை. நான் எழுந்து வரும்போது அப்பாவின் அறையில் பேச்சுக்குரல் கேட்டது. நடுநடுவே உதடு குவித்து ஊதும் ஓசை. "ஆமா சிஸ்டர், ரெண்டு நாளா மூணாவதுலதான். நேத்து வெள்ளையா இருந்துச்சு, இன்னிக்கு பச்சை. காய்ச்சல் இல்ல. இன்ஹேலர் ஸ்பேசர் வச்சு எடுத்தேன்." கதவருகே நின்றேன். போனை வாங்கி நான் பேசிவிடலாம் என்று கை பரபரத்தது. அவர் எதையும் விட்டுவிடவில்லை. சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லி, அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். "மதியம் வரச் சொல்லியிருக்காங்க. நீயும் வர்றியா?"

வருகிறேன் என்றேன். அவர் சற்று முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டு, நாலாவது பொத்தானைத் தேடினார்.